ஏழாவது பூட்டில் பராக்கு

கொங்கூஸ்லர்.
வாய்க்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி ஒரு சொல்.
வசைதான். ஆனால் குத்தாது,
கன்றுக்குட்டி மாதிரி முட்டும்.

இங்கிலாந்தின் நடுவயிற்றில்
ஒற்றைப் படகு அகலத்துக்கு வெட்டிய கால்வாய்களில்
கரி ஏற்றிப் போனவர்கள்
கரையில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னதாம்.
கரையில் நின்றவர்கள் ஒன்றும் செய்யவில்லை.
அதற்குத்தான் வசை.

வேர் எது என்று கேட்டால்
அகராதி தொண்டையைச் செருமுகிறது.
லிங்கன்ஷயர் பேச்சில் ‘கான்’ என்றால் வெறித்துப் பார்ப்பது,
‘கூஸ்’ என்றாலும் வெறித்துப் பார்ப்பதே.
இரண்டையும் ஒட்டியிருக்கலாம் என்கிறது.
லாம்.
அப்படியானால் உள்ளே வேறு வேலையே இல்லை,
சும்மா இரண்டு கண்.

நம்மிடம் பராக்கு இருக்கிறது.
ராஜா வரும்போது கட்டியக்காரன் கூவினால்
கவனி என்று பொருள்.
வாத்தியார் அதட்டினால்
கவனிக்கவில்லை என்று பொருள்.
இரண்டு பக்கமும் திறக்கிற கதவு.
இதை இந்தக் கரையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

கிளைவ் ஆர்மிட்ஸ்டெட்
முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக கேஸ் மீட்டர் குறித்தவர்.
இப்போது ஏழாவது பூட்டின் மேல்கதவருகே,
வெள்ளரிக்காய் சாண்ட்விச்சோடு.
வாய் எந்நேரமும் பாதி திறந்திருக்கும்.
ஆச்சரியம் ஒன்றுமில்லை,
முகத்தின் அமைப்பு அது.

ரோவென்னா ட்ராப்
‘பார்ஸ்னிப்’ என்ற படகில்
கரிமூட்டையும் கேஸ் சிலிண்டரும் விற்கிறாள்.
ஒன்பது வருஷமாக, கடக்கும்போதெல்லாம்:
“என்ன கொங்கூஸ்லர்,
கை ரெண்டும் வாடகைக்குப் போயிருக்கா?”
அவர் சாண்ட்விச்சை இந்தக் கையிலிருந்து
அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வார்.
இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

பூட்டு என்பது தண்ணீருக்குப் போடுவது.
இரு முனையிலும் கதவு, நடுவில் படகு.
கீழ்க்கதவின் ஷட்டரை ஏற்றினால்
தண்ணீர் இறங்கும், படகும் கூட இறங்கும்.
மேல்கதவின் காலடியில் ஒரு கல்படி,
தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும்.
படகின் பின்புறம் அதில் உட்கார்ந்துவிட்டால்
மூக்கு மட்டும் இறங்கும்.
பிறகு எல்லாம் இறங்கும்.

நவம்பர், செவ்வாய்க்கிழமை, தூறல்.
ரோவென்னா தனியாள்.
கீழ்க்கதவில் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே
மூன்று மூட்டைக்குக் கடன் சொன்னவனை
மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.
காற்று படகைப் பின்னால் தள்ளியது,
இரண்டடிதான்.

வழக்கமான கேலிக்காகத் திரும்பினாள்.

கிளைவின் வாய் மூடியிருந்தது.

இறுக்கி.
ஒட்டிய கவர் மாதிரி.

அவ்வளவுதான் பார்த்தாள்.
ஷட்டர் தடதடவென விழுந்தது.
ஈரப் பலகையில் வழுக்கி, முழங்கால் தேய்த்து,
மேல்கதவுக்கு ஓடினாள்.
தண்ணீர் திரும்ப ஏறியது, அவசரமில்லாமல்.
பார்ஸ்னிப் முனகிக்கொண்டு படியைவிட்டு எழுந்தது.
உடைந்தது இரண்டு கோப்பை.
ஒரு மூட்டை சரிந்து
கட்டில் முழுக்கக் கரி.

“வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

கிளைவ் வெகுநேரம் யோசித்தார்.
“போட் என்று சொல்லப் பார்த்தேன்.
அதற்கு முதலில் உதட்டை மூட வேண்டியிருக்கு.
மூடினதோடு நின்றுவிட்டது.”

அவள் சிரிக்கவில்லை.
பெரும் படபடப்பு இறங்கிக்கொண்டிருந்தது,
அதற்கும் ஒரு பூட்டு வேண்டும்.
அப்புறம்தான் தோன்றியது:
அந்த வாய் எப்போதும் திறந்திருக்கும் என்று
எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்பது வருஷம்.
ஒரு தடவைகூட விடாமல்
யார் யாரை வேடிக்கை பார்த்தது?

சாண்ட்விச்சில் பாதி நீண்டது. வாங்கிக்கொண்டாள்.
வெண்ணெய் அதிகம்.

கீழேயிருந்து வேறொரு படகு ஹாரன் அடித்தது.
புது ஆட்கள், கயிற்றைத் தப்பான கட்டையில் சுற்றுகிறார்கள்.
போய்ச் சொல்லலாம்.
இரண்டு பேரும் கதவுக்கட்டையில் சாய்ந்து,
வாய் பாதி திறந்து,

பராக்.